சிவப்புக் குச்சிகள்

நிலக்கரி தோண்டி முடித்த குழியை மூடி, மிச்ச மண்ணை மலையாகக் குவித்து, அதன்மேல் செடி நட்டிருந்தார்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை அந்தச் செடிகளை எண்ணுவது அவன் வேலை. ஆபீசில் அவனுக்குச் 'செடியெண்ணி' என்றே பெயர். கேலிதான். ஆனால் நூற்றுக்கு எண்பது செடி பிழைத்திருப்பதாக அவன் எழுதிக் கொடுத்தால்தான் மேடு இறுகிவிட்டதாக அர்த்தம். மேடு சரியுமென்று பயந்து காலிசெய்துபோன அடிவாரத் தெருக்காரர்கள் வீடு திரும்பலாம். அந்தத் தெருவில் அவன் தங்கையின் வீடும் இருந்தது.

மேடு முழுவதையும் எண்ண யாரால் முடியும்? இருபது கட்டங்கள் குறித்து, அவற்றில் மட்டும் எண்ணுவார்கள். ஒவ்வொரு முறையும் கட்டத்தைத் தேடி அலைய அலுப்புப்பட்டுக்கொண்டு, மூலைக்கு ஒரு குச்சி நட்டு, பளிச்சென்று சிவப்புப் பெயின்ட் அடித்துவைத்தான் அந்தப் புத்திசாலி. ஜீப் குச்சிக்குக் குச்சி கொண்டுபோய் இறக்கிவிடும். குனிவான், எண்ணுவான், ஏறிக்கொள்வான். காய்ந்ததற்குப் பதில் புதுச்செடி வைக்க வைக்க, முறைக்கு முறை கணக்கு ஏறியது: நூற்றுக்கு முப்பது, ஐம்பத்தைந்து, எண்பத்திரண்டு.

"வரலாமாண்ணே?" என்று தங்கை போனில் கேட்டாள்.

"தைரியமா வா."

"நீ சொன்னா சரி."

அவள் போய் அக்கம்பக்கத்தில் சொன்னாள். ஆபீஸ் கடிதத்தை நம்பாதவர்கள்கூட அவள் பேச்சை நம்பி வந்துவிட்டார்கள்.

அடுத்த முறை எண்ணப் போனபோது இரண்டு நாளாக மழை. சேற்றில் ஜீப் ஏறவில்லை, நடந்தான். முதல் கட்டத்தைத் தாண்டி, ஜீப் தடத்திலிருந்து கண்ணுக்குப் படாத சரிவில் கால் வைத்தால், மொட்டை மண். நட்டதெல்லாம் காய்ந்த சுள்ளியாக நின்றது. நடுவே கை நுழையும் அகலத்துக்கு நீளமாக ஒரு வெடிப்பு.

செடிகளுக்குத் தண்ணீர் விடுகிறவர் கொட்டகையில் மழைக்கு ஒதுங்கியிருந்தார். "தண்ணி லாரி ஒண்ணுதானே வருது? செவப்புக் குச்சி இருக்கிற எடத்துக்கு மட்டும் ஊத்துன்னு சொல்லிட்டாங்க. நீங்க அடையாளம் வச்சது வசதியாப் போச்சு சார்."

விழுந்தடித்துக்கொண்டு இறங்கித் தங்கை வீட்டு வாசலில் போய் நின்றான்.

"கிளம்பு. மேடு நிக்காது. நான் எழுதுனது தப்பு."

ஏன், எப்படி என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை பாவிமகள். "நீ சொன்னா சரிண்ணே" என்று மகளைத் தூக்கி அவன் தோளில் போட்டாள். "நீ இவளக் கொண்டுபோ. நான் எல்லா வீட்லயும் சொல்லிட்டு வந்துடறேன். நான் கூப்பிட்டுத்தானே வந்தாங்க."

அவன் பெரிய ரோட்டில் ஏறியபோது பின்னால் லாரியிலிருந்து ஜல்லி கொட்டுவதுபோல் ஒரு சத்தம். திரும்பிப் பார்த்தான். தெருவைக் காணோம். ஏழெட்டுப் பேர் சேறும் அழுகையுமாக ஓடி வந்தார்கள். ஒவ்வொரு முகமாகப் பார்த்தான். அவள் இல்லை.

"மாமா, அம்மா வந்துடும்ல?" என்றாள் குழந்தை.

வந்துடும் என்று நாக்கு நுனி வரை வந்துவிட்டது. அவன் வாயைத் திறக்கவில்லை. அவன் பேச்சை நம்ப இன்னும் ஒருத்தி மிச்சம் இருந்தாள்.