லாபம், ரெண்டு, மூணு

கன்னையா ஒரு பொட்டலம் அளவு மனிதன். பிரிக்பீல்ட்ஸ் தண்டவாளத்தின் ஓரமாக நாங்கள் நடந்து போகும்போது மெயில் வண்டி வந்தால் அவன் சட்டையைப் பிடித்துக்கொள்வேன். இல்லாவிட்டால் பங்சார் பக்கம் போய்த்தான் அவனைப் பொறுக்கிக்கொண்டு வரவேண்டும். ஒருமுறை அப்படிப் பொறுக்கிக்கொண்டு வந்துமிருக்கிறேன். பார்த்த சாட்சிகள் மூன்று பேர். அவர்களில் யாரும் இப்போது உயிரோடு இல்லை என்பது என் குற்றமல்ல.

வார நாட்களில் அவன் ரயில் பட்டறையில் இன்ஜின் துடைப்பவன். சனிக்கிழமைகளில் 'பேட்லிங் கன்னையா', குத்துச்சண்டை வீரன். அவன் சண்டை போட்ட எடைப் பிரிவுக்கு வெள்ளைக்காரர்கள் ஈயின் பெயரை வைத்திருந்தார்கள்: ஃப்ளைவெயிட். நூற்றுப் பன்னிரண்டு பவுண்டுக்கு மேல் போகக்கூடாது. கடைக்காரர்கள் நிறுக்கிற கட்டிக் கணக்கில் எண்பத்து நாலு. நான், பக்கிரிசாமி, அவனுடைய மூலையில் வாளியும் பஞ்சும் வைத்துக்கொண்டு நிற்பவன்.

முப்பத்து நாலாம் வருஷம் அவனுக்கு நன்றாக இல்லை. மார்ச்சில் ஈப்போவில் விழுந்தான்; பத்து எண்ணி முடித்தார்கள். ஜூனில் சிங்கப்பூரில் விழுந்தான், அங்கும் பத்து. அதன்பின் உரிமம் கொடுக்கிற கமிட்டியிலிருந்து கடிதம் வந்தது. ஒரே வருஷத்தில் மூன்றாவது முறையும் பத்து எண்ணப்பட்டால் உரிமம் ரத்து, திரும்பக் கேட்டு மனுப்போடவும் வேண்டாம். புள்ளிக் கணக்கில் எத்தனை முறை தோற்றாலும் அவர்களுக்குக் கவலையில்லை. தரையில் கிடந்தபடி பத்தைக் கேட்கக்கூடாது, அவ்வளவுதான். கன்னையா அந்தக் கடிதத்தைப் பனியனுக்குள் வைத்துக்கொண்டு திரிந்தான். உரிமம் போனால் அவன் வாரம் ஏழு நாளும் இன்ஜின் துடைப்பவன்.

இந்த நிலையில்தான் கிள்ளானில் ஒரு சண்டை அமைந்தது. எதிராளி கேரி தீவு நாகையா. வயது இருபத்தொன்று. இடது கையால் குத்தினால் தென்னை மரத்திலிருந்து இளநீர் விழும் என்றார்கள். நான் போய் விசாரித்தேன். விழுந்தது ஒரே ஒரு இளநீர்தான்.

இரண்டு பேரும் தமிழர்கள் என்பதால், எண்ணிக்கையும் தமிழிலேயே நடக்கும் என்று சண்டையை நடத்தியவர் நோட்டீஸ் அடித்து ஒட்டிவிட்டார். வழக்கமாக மணி பார்த்து எண்ணுகிறவருக்கு அந்த வாரம் மலேரியா. அவருக்குப் பதிலாகப் பெரியகருப்பன் செட்டியாரை உட்காரவைத்தார்கள். கிள்ளானில் அரிசி மண்டி வைத்திருந்தவர். ஒரு வினாடிகூடப் பிசகாத பைக்கடிகாரமும், மண்டியிலிருந்து கூப்பிட்டால் பாசார்க் கடைகள்வரை கேட்கிற குரலும் அவரிடம் இருந்தன.

அன்று காலையில் எடை போட்டதும் அவருடைய மண்டித் தராசில்தான். கன்னையா எண்பத்தைந்தரை கட்டி இருந்தான். எனக்கு உயிரே போய்விட்டது. செட்டியார் முகம் மாறாமல், சாக்குக்கு ஒன்றரை கழித்து, எண்பத்து நாலு என்று எழுதிக்கொண்டார். கன்னையாவின் மேல் கோவணத்தைத் தவிர வேறு சாக்கு எதுவும் இல்லை. ஆனால் முப்பது வருஷமாகத் தராசில் ஏறியதற்கெல்லாம் கழித்த கை அது. நாகையாவுக்கும் கழித்தார்.

நடுவர் கிரெய்க் துரை, டெங்கில் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தின் மேனேஜர். தமிழில் பரீட்சை எழுதித் தேறியவர். தினமும் விடியற்காலையில் பிரட்டுக்களத்தில் ஆட்களை நிறுத்தி, ஒண்ணு, ரெண்டு என்று தன் விரலை நீட்டித் தானே எண்ணுவார். கங்காணிமார் நடுவில் ஒரு எண்ணைத் தாண்டி, வராத ஆளுக்குப் பேர் போட்டு ஏமாற்றியதிலிருந்து வந்த பழக்கம். அதற்குப் பிறகு மற்றவர் வாயை அவர் நம்பியதில்லை. விரலைத்தான் நம்புவார்.

ரயில் நிலையத்துக்குப் பின்னால் இருந்த திடலில் கூடாரம். எட்டுச் சுற்று. முதல் ஐந்து சுற்றும் கன்னையா காற்றில் அலைகிற காகிதம் மாதிரி விலகி விலகி ஓடினான். ஆறாவதில் அவன் கால் கனத்துப் போனதைப் பார்த்தேன். நாகையாவும் பார்த்துவிட்டான். வலது கையை ஓங்குவதுபோல் காட்டி இடது கையை இறக்கினான். கன்னையா முழங்கால் மடிந்து, பக்கவாட்டில் சாய்ந்து, கன்னத்தைப் பலகையில் வைத்துப் படுத்தான். தூங்கப்போகிறவன் மாதிரிதான் படுத்தான்.

துரை நாகையாவை எதிர் மூலைக்குத் தள்ளிவிட்டுத் திரும்பினார். செட்டியார் கடிகாரத்தைப் பார்த்தபடி எண்ண ஆரம்பித்தார்.

"லாபம்."

துரை செட்டியாரைப் பார்த்தார்.

"ரெண்டு. மூணு."

அரிசி அளக்கிறவன் வாயில் முதல் படிக்கு ஒன்று என்ற சொல் வராது. முதல் படி லாபம், அடுத்தது ரெண்டு. அது எனக்குத் தெரியும், கூடாரத்தில் இருந்த அத்தனை பேருக்கும் தெரியும். டெங்கில் தோட்டத்தில் யாரும் அரிசி அளந்து காட்டாததால் துரைக்குத் தெரியாது. செட்டியார் ரெண்டு என்றபோதுதான் துரை முதல் விரலை நீட்டினார்.

"நாலு. அஞ்சு."

கன்னையாவின் கண் திறந்திருந்தது. என்னைத்தான் பார்த்தது, ஆனால் நான் இருப்பது அதற்குத் தெரியவில்லை. மூலையில் நிற்பவன் வீரனைத் தொட்டால் அப்போதே தோல்வி. நான் பஞ்சைப் பிழிந்துகொண்டே இருந்தேன். அதில் தண்ணீர் தீர்ந்து வெகுநேரம் ஆகியிருந்தது.

"ஆறு. ஏழு."

ஒரு கை ஊன்றினான்.

"எட்டு."

ஒரு முழங்கால்.

"ஒம்பது."

அந்த முழங்கால் வழுக்கிற்று.

"பத்து."

பத்து என்ற சொல் முடிந்த பிறகுதான் கன்னையா எழுந்து நின்றான். நாகையாவின் ஆட்கள் அவனைத் தூக்கிக்கொள்ள மேடையில் ஏறிவிட்டார்கள். துரை மட்டும் அசையவில்லை. இரண்டு கையையும் விரித்துக் காட்டினார். ஒன்பது விரல் நீண்டிருந்தது. வலது கைக் கட்டைவிரல் மடிந்தே இருந்தது.

துரை கயிற்றுப் பக்கம் வந்தார். "செட்டி, நீ ஒண்ணு விட்டது."

"நான் எதையும் விடலே தொரை. லாபம்னேனே."

"லாபம் நம்பர் இல்லே. லாபம் ப்ராபிட்."

"அளக்கயிலே அதான் ஒண்ணுங்கிறேன்," என்றார் செட்டியார். அவர் குரல் உயரவில்லை. ஆனால் முகம் சிவந்துவிட்டது. தன் மண்டியில் மூன்று தலைமுறையாக முதல் படிக்கு யாரும் ஒன்று சொன்னதில்லை என்றும், சொல்லியிருந்தால் மண்டியே இருந்திருக்காது என்றும் விளக்கினார். பத்து என்றால் பத்துதான். கடிகாரத்தை நீட்டிக் காட்டினார். துரை கடிகாரத்தைப் பார்க்கவில்லை. கங்காணிகளும் இப்படித்தான் விதவிதமாகச் சொல்வார்கள் என்றார்.

கூடாரம் இரண்டாகப் பிரிந்துவிட்டது. கேரி தீவுக்காரர்கள் பத்து, பத்து என்று காலைத் தட்டினார்கள். எங்கள் ஆட்களுக்கு என்ன கத்துவது என்று தெரியாமல் அவர்களும் காலைத் தட்டினார்கள். நடந்ததென்னவோ எனக்குத் தெரியும். கன்னையா கிடந்தது பத்து முழுக்க. துரை ஒரு வார்த்தை விளங்கிக்கொண்டால் போதும், அவன் பனியனுக்குள் இருக்கிற கடிதம் வேலை செய்ய ஆரம்பித்துவிடும்.

கடைசியில் துரை, தரையில் கிடந்தவனையே கேட்கலாம் என்று முடிவெடுத்தார். கன்னையாவுக்குப் பொய் சொல்ல வராது. அது அவன் உடம்பில் ஒரு குறை. காலையில் தராசை விட்டு இறங்கியதுமே, "செட்டியாரே, நான் சாக்குக் கட்டிக்கலியே" என்று சொல்லப் போனவன் காலை நான்தான் மிதித்தேன். இப்போது மிதிக்க எட்டவில்லை. அவன் நடு மேடையில் நின்றான்.

துரை அவன் மோவாயைப் பிடித்து நிமிர்த்தினார். "கன்னையா, நீ நிஜம் சொல்லு. என்ன நம்பர் கேட்டது?"

கன்னையா செட்டியாரைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். உதட்டில் இருந்த ரத்தத்தை விழுங்கினான்.

"தொரை, எனக்கு ஒண்ணும் கேக்கலைங்க."

துரை திரும்பிச் செட்டியாரைப் பார்த்தார். "ஒண்ணும் கேக்கலே. எனக்கும் ஒண்ணு கேக்கலே. ரெண்டு ஆள் சாட்சி. ஒம்பது. சண்டை போடு."

செட்டியார் ஏதோ சொல்ல வாயெடுத்தார். யாரும் கேட்கவில்லை. நாகையாவின் ஆட்களை இறக்கிவிட்டார்கள். அந்தச் சுற்றில் ஒரு நிமிஷம் பாக்கி, அதன்பின் இரண்டு சுற்று முழுதாக இருந்தது.

நாகையாவுக்குக் கோபம் வந்திருந்தது. நியாயமான கோபம்தான், அவன் இடத்தில் நான் இருந்தாலும் வந்திருக்கும். கன்னையா திருப்பிக் குத்துவதை விட்டுவிட்டான். கயிற்றில் முதுகை வைத்து, முழங்கைக்குள் முகத்தை வைத்து நின்றான். விலாவில் விழுகிற ஒவ்வொரு குத்தும் என் வாளியில் விழுவதுபோல் கேட்டது. ஏழாவது சுற்று முடிந்து வந்து உட்கார்ந்தவன், எத்தனை சுற்று பாக்கி என்று கேட்கவில்லை. "காலு ரெண்டும் என்னுதா பாருங்க அண்ணே," என்றான். பார்த்துச் சொன்னேன்.

எட்டாவதில் இருமுறை முழங்கால் தரையை நோக்கிப் போயிற்று. இருமுறையும் பாதி வழியில் நின்றது. ஒருமுறை அவன் நாகையாவையே கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றான். துரை பிரித்துவிட்டார். மறுபடி கட்டிக்கொண்டான். "விடுறா, என்னைக் கட்டிக்கவா வந்தே?" என்றான் நாகையா. கன்னையாவுக்கு அது காதில் விழவில்லை, அல்லது விழுந்தும் விடவில்லை.

மணி அடித்தது.

துரை நாகையாவின் கையைத் தூக்கினார். எட்டில் ஏழு சுற்று அவனுக்கு. யாரும் தகராறு செய்யவில்லை. நான் மேடையில் ஏறி, கன்னையாவின் அக்குளில் கைகொடுக்கப் போனேன். தடுத்துவிட்டான். ஒரு கண் மூடியே போயிருந்தது. மற்றது என் முகத்தைத் தேடிற்று.

"யாருண்ணே ஜெயிச்சது?"

"நாகையா."

"நான் நின்னுக்கிட்டா இருக்கேன்?"

"நிக்கிறே."

குனிந்து தன் கால் இரண்டையும் பார்த்தான்.

"அப்ப சரிண்ணே," என்றான். "இப்ப புடிச்சுக்கிங்க."