கழுத்தளவு

குவைத்திலிருந்து விடுமுறையில் வந்த அன்ஸார், கிண்ணியாவில் ஸுல்பிகாவின் வீட்டுக் கதிரையில் இருந்து தேத்தண்ணியை ஊதி ஊதிக் குடித்தான். குவைத்தில் அவள் கணவன் ஜெமீலின் கூட்டாளி அவன். கதையெல்லாம் கதைத்தவனுக்கு வந்த காரியத்தைச் சொல்லத்தான் வாய் வரவில்லை.

"ராத்தா, ஜெமீல் நானாட பாஸ்போட் களவு போயிட்டு. சந்தையில ஆரோ பொக்கற்றில அடிச்சிட்டானுகள். புதுசு எடுக்கப் பிறப்புப் பத்திரம் வேணும். இந்தப் படத்துக்குப் பின்னால, இது நானாதான் எண்டு ஊர் விதானையாரிட்ட ஒரு கையெழுத்தும்."

படங்களை மேசையில் வைத்தான். ஸுல்பிகா அவற்றைத் தொடவில்லை. குசினி வாசலில் நின்ற அவளுடைய மூத்த சகோதரி உம்மு குல்சும் தொண்டையைக் கனைத்தாள்.

"பாஸ்போட்டையெல்லாம் அறபி முதலாளி இரும்பு அலுமாரிக்குள்ள பூட்டிருவான் எண்டு போன முறை நீதானே தம்பி சொன்னாய்? அது எழும்பிச் சந்தைக்கு நடந்து போனதோ?"

அன்ஸாருக்குப் புரையேறியது.

குல்சும் தங்கையை உள்ளே இழுத்துப் போனாள். "புள்ள, மீசையை மழிச்சு மாப்பிள்ளை மாதிரிப் படம். நோம்பிலிருந்து காசுமில்ல, கடுதாசியுமில்ல. இப்ப பிறப்புப் பத்திரம் கேட்கிறார். அங்க இன்னொரு நிக்காஹ் முடிக்கத்தான். பத்திரத்தைக் குடுத்தா புருஷனையும் சேர்த்துக் குடுத்த மாதிரி."

பத்திரம் அலுமாரியில், கலியாணச் சேலைக்கு அடியில் இருந்தது. அங்கேயே கிடக்கட்டும், தொலைந்துவிட்டது என்று சொல்லிவிடுவோம் என்று முடிவெடுத்த ஸுல்பிகா, படங்களைத் திருப்பிக் கொடுக்க வெளியே வந்தாள்.

கையில் எடுத்தபோதுதான் படத்தில் ஜெமீல் போட்டிருந்த சேட்டு கண்ணில் பட்டது. சீனன்குடாவில் அவன் வேலை செய்து வாங்கிய கடைசிக் கூலியில் துணி எடுத்து, பயணத்துக்கென்று அவளே தைத்தது. கொலர் இறுக்குது, மூச்சு முட்டுது என்று மேல் பொத்தானைத் திறந்து விட்டபடிதான் அவன் புறப்பட்டான். படத்தில் அந்தப் பொத்தான் பூட்டியிருந்தது. கழுத்துக்கும் கொலருக்கும் நடுவே இரண்டு விரல் போகும்.

"தம்பி, உங்கட நானா சாப்பிடுறதில்லையா?"

அன்ஸார் தலையைக் குனிந்தான்.

"அறபி சம்பளம் குடுக்கல்ல, ராத்தா. கேட்டதுக்கு அடிச்சும் போட்டான். நானா ஓடி வந்து என்ர அறையில ஒளிச்சிருக்கிறார். பாஸ்போட் இன்னும் அவன்ட அலுமாரியிலதான். களவு போனதெண்டு சொல்லிப் புதுசு எடுத்தாத்தான் ஊருக்கு வர ஏலும். உங்களிட்டச் சொல்லக் கூடாதெண்டு சத்தியம் வாங்கினவர்."

"அப்ப நிக்காஹ்?" என்றாள் குல்சும், விடாமல்.

"ஒருநேரச் சோத்துக்கு வழியில்லாதவருக்கு ஆர் பொண்ணு குடுக்கிற?"

ஸுல்பிகா அலுமாரியைத் திறந்து பத்திரத்தை எடுத்து இடுப்பில் செருகி, தலையில் முக்காட்டை இழுத்துவிட்டாள்.

"எழும்புங்க தம்பி, விதானையார் வெளிய போக முந்திப் போவம். அந்தச் சேட்டோடயே வரச் சொல்லுங்க, கொலரை நான் வெட்டித் தைக்கிறன்." வாசலில் திரும்பினாள். "வேற ஆரும் தைச்ச சேட்டோட வந்தாரெண்டா, தோணித்துறையிலேயே திருப்பி அனுப்பிப் போடுவன்."