தரைக்கு வந்து திரும்பிய விமானம்

மாலைதீவில் விமானம் ஏறியபோதே முனாப்புக்கு ஒன்றும் பிடிபடவில்லை. கல்முனையிலிருந்து ஆழ்கடலுக்குப் போன அவருடைய படகின் எஞ்சின் பழுதாகி, அவரும் கூட்டாளி யாகோப்பும் பத்தொன்பது நாட்கள் கடலில் அலைந்திருந்தார்கள். சரக்குக் கப்பல் ஒன்று காப்பாற்றி மாலைதீவில் இறக்கிவிட்டது. இப்போது கொழும்புக்கு அனுப்புகிறார்கள். இருவருக்கும் இதுதான் முதல் விமானப் பயணம்.

விமானம் ஊர்ந்துபோய் ஓடுபாதையின் முனையில் திரும்பி நின்றது. ஓரத்தில் கம்பத்தில் கட்டியிருந்த துணிப்பை காற்றில் உப்பிப் பின்பக்கம் நீண்டு நின்றதை முனாப் ஜன்னல் வழியே பார்த்தார்.

“மச்சான், காத்து முன்னுக்கிருந்து அடிக்கி. இவன் அதுக்கு எதிரா ஓடப் போறான். பின்காத்தில போனா லேசுதானே?”

“கடற்காகமும் காத்துக்கு முகத்தைக் குடுத்துத்தானே எழும்புது” என்றார் யாகோப்பு.

“அது செட்டை அடிக்கும். இதுட செட்டை அசையவே இல்லையே?”

யாகோப்பு எட்டிச் செட்டையைப் பார்த்தார். அதற்குள் இருக்கை முதுகைத் தள்ளியது. விமானத்தின் மூக்கு நிமிர்ந்தது. கடல் கீழே போய்விட்டது.

ஒன்றரை மணித்தியாலத்தில் தென்னந்தோப்புகளும் ஓட்டுக் கூரைகளும் தெரிந்தன. அடியில் சக்கரச் சில்லுகள் இறங்கும் சத்தம் கேட்டது.

“வந்திட்டம் மச்சான்” என்றார் முனாப்.

ஓடுபாதை ஜன்னலுக்கு நேரே வந்துவிட்டது. அந்த நேரம் பார்த்து எஞ்சின் அலறியது. விமானம் மறுபடியும் மேலே ஏறியது. தென்னைகள் சிறுத்துப் போயின.

முனாப் ஜன்னலில் முகத்தை ஒட்டினார். கடலில் அலைந்த பதினோராம் நாள் ஒரு தீவு இப்படித்தான் கிட்ட வந்தது. மரங்களை எண்ணக்கூட முடிந்தது. பிறகு நீரோட்டம் படகை அப்பால் இழுத்துக்கொண்டு போய்விட்டது.

“கரைய விட்டிட்டு ஏன் போறான்?”

விமானி ஆங்கிலத்தில் ஏதோ அறிவித்தார். பக்கத்து இருக்கையில் காரைதீவைச் சேர்ந்த கஜேந்தினி இருந்தாள். மாலைதீவில் ஹோட்டல் ஒன்றில் வேலை செய்பவள். ஊர் வழக்கப்படி முனாப்பை அண்ணன் முறையில் ‘காக்கா’ என்று அழைத்தாள்.

“பயப்பிடாதீங்க காக்கா. முன்னால இறங்கின பிளேன் இன்னும் பாதைய விட்டு விலகல்லயாம். ஒரு சுத்துச் சுத்தி வந்து இறங்குவாங்க.”

“எஞ்சின் நல்லாத்தானே இரிக்கி?”

“ஓம் காக்கா. நல்லா இருக்கிறதாலதான் மேல போகுது.”

அது அவரை இன்னும் குழப்பியது. எஞ்சின் கெட்டபோதும் கரை தவறியது. நல்லாயிருந்தும் தவறுகிறதே! யாகோப்பு சிலுவை போடத் தொடங்கிப் பாதியிலேயே கைப்பிடியைப் பற்றிக்கொண்டார். முனாப் கலிமாவை முணுமுணுத்தார்.

கால்மணி நேரம் கழித்துச் சில்லுகள் தரையில் மோதின. செட்டையின் மேல் தகடுகள் எழும்பி நின்றன. உடனே அதே அலறல்.

“மறுகாவும் போறானா?”

“இல்ல காக்கா, இது நிப்பாட்டுற சத்தம்.”

ஏறுவதற்கும் நிற்பதற்கும் ஒரே சத்தமா? முனாப் பிடித்த கைப்பிடியை விடவில்லை. வேகம் குறைந்து விமானம் ஊரத் தொடங்கியதும் கஜேந்தினி அவரிடம் வீட்டுப் போன் இலக்கத்தைக் கேட்டு, தன் போனிலிருந்து அவர் மனைவி ஸாலிஹாவுக்கு அழைத்துக் கொடுத்தாள்.

“எறங்கிட்டீங்களா?”

முனாப் வெளியே பார்த்தார். புல்வெளி இன்னும் பின்னோக்கி நகர்ந்துகொண்டிருந்தது.

“தெரியா ஸாலிஹா. தரையிலதான் ஓடுது. பிளேன் நிண்டாப்போல சொல்றன், போன வெச்சிராத.”

மறுமுனையில் அவள் அழுதாள். கதவு திறக்கும்வரை அவர் போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை.