முப்பதாம் மாடிக்கு வெளியே

1

இந்தக் கதை என் கட்டைவிரலால் வந்த வினை. முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். என் தோழி ராக்னா செப்புத் தகட்டில் மெழுகு பூசி, ஊசியால் கீறி, நியூயார்க்கின் ஒரு தெருநெரிசலையும் அதற்கு மேல் எழும்பிக்கொண்டிருந்த கட்டடத்தையும் வரைந்திருந்தாள். தகட்டை அமிலத்தில் இறக்கியவள் நான். என் விரல் பட்ட இடத்தில் மெழுகு பெயர்ந்து, கீறிய கோடுகளை மட்டும் அரிக்க வேண்டிய அமிலம் அங்கேயும் அரித்துவிட்டது.

2

தாளில் அச்செடுத்துப் பார்த்தால், முப்பதாம் மாடிக்கு வெளியே, வெறும் வானத்தில் ஒரு கரும்புள்ளி. அதற்குக் கைகால் இருப்பது போல...

(வேண்டாம். கைகாலெல்லாம் இல்லை. புள்ளிதான்.)

அந்தக் கட்டடத்தில் இரும்பு உத்திரம் பூட்டுகிறவன் ஸ்வெர்ரே, ராக்னாவின் கணவன். காலையில் அச்சைப் பார்த்துச் சிரித்தான்.

"அட, என்னையும் போட்டுட்டியா! தொப்பிய மறந்துட்டியே."

அச்சைச் சுருட்டிச் சாப்பாட்டு டப்பாவில் செருகிக்கொண்டு வேலைக்குப் போனான்.

"தகட்டுலேர்ந்து அந்தப் புள்ளியச் சுரண்டி எடுத்துடுடி," என்றேன்.

"எடுத்தா? அங்க ஒருத்தன் இருந்தான், நான்தான் அழிச்சேன்னு ஆயிடாதா?"

"பைத்தியமா உனக்கு? ஒரு புள்ளிக்குப் போய்..."

"நீ வெச்ச புள்ளிதானே, போர்கில்? நீயே எடு."

நான் எடுக்கவில்லை. பயம்தான், வேறென்ன.

3

இரும்பு வேலைக்காரர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. ஒருவன் விழுந்துவிட்டால், அன்றைக்கு எல்லோரும் வேலையைப் போட்டுவிட்டு வீட்டுக்கு வந்துவிடுவார்கள்.

பதினொரு மணிக்கு, இங்கே ராக்னா வீட்டுப் படிக்கட்டில் பூட்ஸ் சத்தம்.

இந்த வரியைப் பத்து தடவை எழுதிவிட்டேன். இதற்கு மேல் பேனா நகரவில்லை.

4

முதல் முடிவு: கதவில் ஸ்வெர்ரே. ராக்னா அவனைக் கட்டிக்கொண்டு அழுகிறாள். (அப்படியானால் வேறொருத்தி வீட்டுப் படியில் இதே நேரத்தில்...)

இரண்டாவது: கதவில், தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்தபடி இரண்டு பேர்; ஸ்வெர்ரே இல்லை.

எப்படி எழுதினாலும் எவனோ ஒருவன் விழுந்திருக்கிறான். என் கட்டைவிரலைப் பார்க்கவே பிடிக்கவில்லை.

5

ஆனால் யாரும் விழாவிட்டாலும், மழை வந்தால் வேலையை நிறுத்திவிடுவார்கள். மழை பெய்கிறதா? தெரியவில்லை. தகட்டில் வெயில் பட்டுக் கண் கூசாமலிருக்க ஜன்னல் முழுக்க மெல்லிய தாள் ஒட்டியிருக்கிறோம். வெளியே ரயில் போகிற இரைச்சலில் வேறெதுவும் காதில் விழவில்லை.

ராக்னா எழுந்திருக்கவில்லை. பூட்ஸ் வாசலில் நின்றுவிட்டது.

தாளைக் கிழித்துப் பார்க்க எனக்குத் தைரியமில்லை. இதைப் படிக்கிற உங்கள் விரல் இன்னும் எதையும் தொடவில்லை, நீங்கள் கிழியுங்கள். மழை என்று மட்டும் சொல்லிவிடுங்கள், கதவை நான் திறக்கிறேன்.