முதல் வகுப்புக்கு மூன்று கேள்விகள்

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு வகுப்பு. வியாழக்கிழமையே நோட்டைத் திறந்து உட்கார்ந்துவிட்டேன். நான் டீச்சர் இல்லை, நர்ஸ். சவுதியில், அல் கோபாரில் ஐந்து வருடமாக வேலை. தமிழ் படித்தது பிளஸ் டூ வரைதான். இங்குள்ள நம்ம பிள்ளைகளுக்கு வாரம் ஒரு மணி நேரம் தமிழ் சொல்லிக்கொடுக்க ஆளில்லை என்று பக்கத்து ஃபிளாட் ஷஹீரா அக்கா சொன்னதும் யோசிக்காமல் தலையாட்டிவிட்டேன். தலையாட்டுவதில் எனக்கு எப்போதும் அவசரம். இந்த ஊருக்கு வந்ததும் அப்படித்தான்.

எட்டுப் பிள்ளைகள். பெயர், வயது, வீட்டில் பேசும் மொழி என்று கட்டம் போட்டு எழுதினேன். முடித்துவிட்டுப் பார்த்தால் ஒவ்வொரு பெயருக்கு முன்னாலும் பெட் நம்பர்! எனக்கே சிரிப்பு வந்தது. முதல் நாள் கேட்க வைத்திருந்ததும் வார்டில் அட்மிஷனுக்குக் கேட்கிற கேள்விகள்தான்: பெயர் என்ன, வயது என்ன, வீட்டில் யார் யார் இருக்கிறார்கள். எவ்வளவு பயந்த ஆளும் இந்த மூன்றுக்கும் பதில் சொல்லிவிடுவார்.

ஒத்திகைக்கு என் மகள் ஜெஸியை விட்டால் யார்? குளச்சலில் என் தங்கை வீட்டில் வளர்கிறாள். அவள் அப்பாவும் அங்கேதான். ஆனால் ஆழ்கடலுக்குப் படகேறினால் திரும்பி வர இருபது நாளாகும். இப்போதும் கடலில்தான். வெள்ளிக்கிழமை சாயங்காலம் வீடியோ காலில் டீச்சர் மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

"பேரு என்ன மக்ளே?"

"ஜெஸி."

"வயசு?"

"ஆறு. ஒங்களுக்குத் தெரியாதா?"

"வீட்டுல ஆரெல்லாம் உண்டு?"

விரல் விட்டு எண்ணினாள். "சித்தி, சித்தப்பா, அப்பா, நானு. பொறவு பூனை."

"அம்மா?"

அவளுக்கு ஆச்சரியம். "அப்பா கடலுக்குப் போனா வருவாருல்லா. நீங்க போன்லல்லா இருக்கீங்க."

சிரித்தேன் என்றுதான் நினைக்கிறேன். போனை வைத்ததும் மூன்றாவது கேள்வியை அடித்தேன். தாள் கிழிந்தது. பிள்ளை மேல் கோபமில்லை, என் மேல்தான். அவளை இழுத்து மடியில் வைத்துக்கொள்ள வேண்டும்போல இருந்தது. வேறெதுவும் வேண்டாம்போல இருந்தது.

சனிக்கிழமை ஷஹீரா அக்கா வீட்டு ஹாலில் ஏழு பிள்ளைகள் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். எட்டாவது பிள்ளை தாரிணி, தன் அம்மா ஜெயபாரதியின் துப்பட்டாவை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வாசலிலேயே நின்றாள்.

ஜெயபாரதி அந்த விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தபடி சொன்னார்: "நான் கெளம்புறேன். நீங்க கதவச் சாத்துங்க டீச்சர். ரெண்டு நிமிஷத்துல சரியாயிடுவா."

சரியாகிவிடுவாள். எனக்குத் தெரியும். வார்டில் அழுகிற பிள்ளைகளை உள்ளே வைத்து எத்தனை கதவுகளைச் சாத்தியிருக்கிறேன். கைப்பிடியைப் பிடித்தேன். தள்ளத்தான் முடியவில்லை.

"நீங்களும் உள்ள வாங்க," என்றேன். "பிள்ளைகூட இங்கன இருங்க."

எனக்கென்று போட்டிருந்த நாற்காலியை அவர்களுக்கு இழுத்துப் போட்டேன். தாரிணி அம்மா மடியில் ஏறினாள். ஏறிய பிறகும் துப்பட்டாவை விடவில்லை. ஏழு பிள்ளைகளும் நான் பேசுவதற்காகக் காத்திருந்தார்கள். நான் துப்பட்டாவைப் பிடித்திருந்த அந்தக் கைகளையே பார்த்துக்கொண்டு நின்றேன்.