சட்டப்படி உறவு

ஆர்விட்டின் கம்பளிச் சட்டையில் வெர்னா மூன்றாவது பொத்தானை மாட்டிக்கொண்டிருந்தபோது, சமையலறையில் கொழுந்தன் லைல் தொலைபேசியில் பேசுவது கேட்டது.

"பத்தாம் தேதிதானே வேட்டை சீசன் ஆரம்பம்? ஒரு ஆளுக்கு இடம் இருக்கா?... ஆமாங்க, வெளி மாநிலம்தான். மினசோட்டா... இல்லைங்க, கூட வர்றதுக்கு இங்க சொந்தம்னு யாரும் இல்லை."

வெர்னாவின் விரல் பொத்தானிலேயே நின்றது. கட்டிலில் கிடந்த கணவரைப் பார்த்தாள். முந்தாநாள் காலை, எடை பார்க்கும் மெஷின்மேல் முதுகுமூட்டையை வைத்துவிட்டு, எண்ணைப் படிக்கக் குனிந்தவர் அப்படியே சரிந்துவிட்டார். அவள் ஓடி வந்தபோது மெஷின் நாற்பத்தொன்பது பவுண்டு என்று காட்டிக்கொண்டிருந்தது.

அண்ணனும் தம்பியும் பத்தொன்பது வருடங்களாகப் பேசிக்கொள்ளவில்லை. மினசோட்டாவில் முதல் மனைவியை விட்டுவிட்டு அலாஸ்கா வந்து வெர்னாவைக் கட்டிக்கொண்டவர் ஆர்விட். குடும்பம் மொத்தமும் முதல் மனைவி பக்கம் நின்றது. இந்த வசந்தத்தில்தான் லைல் கூப்பிட்டான்: வெள்ளை மலையாட்டு வேட்டைக்கு நானும் வரட்டுமா? வெளி மாநிலத்துக்காரன் இங்கே கைடு இல்லாமல் மலையாடு சுடக்கூடாது. இல்லையென்றால் இங்கேயே வாழும் நெருங்கிய சொந்தம் ஒருவர் கூடப் போக வேண்டும். அண்ணன் இருக்க கைடு எதற்கு என்று வந்தான். வந்த மூன்றாம் நாள் அண்ணன் போய்விட்டார்.

மிச்சப் பொத்தான்களையும் போட்டுவிட்டு வெர்னா சமையலறைக்குப் போனாள். அக்கம்பக்கத்தார் கொண்டுவந்து வைத்த பாத்திரங்களால் மேசை நிறைந்திருந்தது.

"யாருகிட்ட பேசினே?"

"கைடுகிட்ட. யாரோ கடைசி நேரத்துல வரலையாம்." லைல் நிமிரவில்லை. "நான் வெறுங்கையோட திரும்பிப் போறதை அண்ணன் விரும்பியிருக்க மாட்டான்."

"அண்ணன் பொண்டாட்டி கூட வந்தாலும் சட்டத்துக்குப் போதும். தெரியுமில்ல?"

ஃபிரிட்ஜ் உறுமிவிட்டு நின்றது.

"வெர்னா, உங்களுக்கு அறுபத்திரண்டு வயசு."

"அந்த மலையில அவரோட பதினாலு தடவை ஏறியிருக்கேன். முழங்கால் வலி அவருக்குத்தான். இறங்கும்போது கறியை யார் சுமந்தாங்கன்னு நினைக்கிறே?"

"இன்னிக்குப் புதைக்கிறோம். ரெண்டு நாள்ல நீங்க வேட்டைக்குக் கிளம்பினா ஊர் என்ன சொல்லும்?"

"என்னைப் பத்தி ஊர் பேசி முடிச்சாச்சு லைல். உங்க ஊரும் சேர்த்துத்தான்."

அவன் முகம் சிவந்தது. "நீங்க அவனைத் தடுத்திருக்கணும். இதயம் சரியில்லைன்னு டாக்டர் சொன்னது உங்களுக்குத் தெரியும்."

"தெரியும்." அவள் ஒரு பாத்திரத்தின் மூடியைத் திறந்து பார்த்து, மறுபடி மூடினாள். "ஒரே வீட்டுல அவரோட வளர்ந்தவன் நீ. எதிலயாவது அவரைத் தடுத்துப் பார்த்திருக்கியா?"



கல்லறைத் தோட்டத்தில் மண் கொஞ்சம், சரளை அதிகம். பக்கத்து வீட்டுக்காரர் பலகையில் அடித்துக் கொடுத்த பெட்டியை இறக்கியதும் பாதிரியாரின் மனைவி வெர்னாவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள்.

"இப்ப நீங்க எந்த முடிவும் எடுக்காதீங்க. ஒரு மாசம் சும்மா இருங்க. சாப்பாடு நாங்க கொண்டுவர்றோம்."

"ஏற்கெனவே பதினோரு பாத்திரம் கழுவக் கிடக்கு. பத்தாம் தேதி நான் மலைமேல இருப்பேன். அதுக்கப்புறம் கொண்டுவாங்க."

கையை விடுவித்துக்கொண்டு மண்வெட்டியை எடுத்தாள். ஆண்கள் இரண்டு பேர் வாங்க வந்தார்கள். கொடுக்கவில்லை. கூட்டம் சற்று நேரம் நின்று பார்த்தது, பிறகு வண்டிகளை நோக்கி நடந்தது. லைலும் கை நீட்டினான். அவனுக்கும் கொடுக்கவில்லை. அவன் போய் வண்டியிலிருந்து இன்னொரு மண்வெட்டியை எடுத்து வந்து எதிர்ப்பக்கம் நின்றான்.

பாதிக் குழி நிறைந்தபோது சொன்னான்: "நாளைக் காலையில கைடுக்குப் பதில் சொல்லணும்."

"சொல்லிக்கோ. கடாவோட கொம்பு சுருண்டு முழுச் சுற்று வந்திருக்கான்னு அவனுக்குப் பார்க்கத் தெரியும். வராத கடாவைச் சுட்டா கேஸாயிடும். எனக்கும் பார்க்கத் தெரியும். ஆர்விட் கண்ணு மங்கினதிலிருந்து நான்தான் பார்த்துச் சொல்லுவேன். அவர் ஒரு தடவைகூட மறுத்ததில்லை."

"அதில்லை விஷயம்."

"பின்னே?"

லைல் மண்வெட்டியைச் சரளையில் ஊன்றினான். "ஒன்பது நாள். ஒரே கூடாரம். உங்ககிட்ட என்னத்தைப் பேசுறது? கல்யாணத்தப்போ நீங்க எழுதின கடிதத்தைப் பிரிக்காமலே திருப்பி அனுப்பினவன் நான்."

"தெரியும். உறைமேல உன் கையெழுத்துதான் இருந்துச்சு." அவள் இன்னும் இரண்டு வெட்டு அள்ளிப் போட்டாள். "மலை ஏறும்போது யாரும் பேசறதில்லை லைல். மூச்சு வாங்கவே நேரம் சரியா இருக்கும்."

மறுநாள் காலை, வேட்டை லைசன்ஸ் விற்கும் கடையில் கடைக்காரி ஓப்பல் படிவத்தை நிரப்பிக்கொண்டிருந்தாள். கடையும் அவளும் முப்பது வருடங்களாக அங்கேயே இருக்கிறார்கள்.

"கைடு பேரா, சொந்தக்காரர் பேரா?"

வெர்னா லைலைப் பார்த்தாள். இதை அவன்தான் சொல்ல வேண்டும்.

"சொந்தக்காரர்," என்றான்.

ஓப்பலின் பேனா நின்றது. "வெர்னா, தப்பா எடுத்துக்காதே. ஆர்விட்தான் இல்லையே. இப்ப இந்த உறவு..."

"செத்தது அவர். நான் இருக்கேன்."

"யாராவது கேட்டா?"

"என்னைக் கேக்கச் சொல்லு. நான் பதில் சொல்லிக்கிறேன்."

ஓப்பல் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். லைல் குனிந்து அவள் கையிலிருந்த பேனாவை வாங்கினான். வெர்னாவின் பெயரை எழுதி, பக்கத்துக் கட்டத்தில் உறவையும் எழுதினான். எழுதியதை வாய்விட்டும் சொன்னான்: "அண்ணி."

ஒன்பதாம் தேதி மாலை, பாதை முடிந்த இடத்தில் வண்டியை நிறுத்திவிட்டு நடந்தார்கள். ஒரு மணி நேரத்தில் ஆறு குறுக்கிட்டது. பனியாறு உருகிவரும் சாம்பல் தண்ணீர். உள்ளே கற்கள் உருளும் சத்தம் கரைவரை கேட்டது.

"மூட்டையோட இடுப்புப் பட்டையை அவிழ்த்துவிடு," என்றாள் வெர்னா. "விழுந்தா மூட்டையை உதறிடணும். கனமானவங்க தண்ணி வர்ற மேல்பக்கம் நிக்கணும்."

லைல் மேல்பக்கம் நின்றான். கையோடு கை கோத்துக்கொண்டு இறங்கினார்கள். நடு ஆற்றில் தண்ணீர் தொடைக்கு ஏறியபோது அவன் கால் வழுக்கியது. முழு எடையும் அவள்மேல் சாய்ந்தது. அவள் காலைக் கற்களுக்குள் திணித்து, பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். அவன் நிமிரும்வரை நின்றாள்.

அக்கரையில் உட்கார்ந்து பூட்ஸிலிருந்த தண்ணீரைக் கொட்டினார்கள். லைலின் உதடு நீலம் பாய்ந்திருந்தது. பிழிந்த காலுறையை மறுபடி மாட்டிக்கொண்டே கேட்டான்.

"அண்ணனும் இங்க வழுக்குவானா?"

"ஒவ்வொரு தடவையும்."

அவள் தொலைநோக்கியைக் கண்ணில் வைத்து எதிர்ச்சரிவை மெல்லத் துழாவினாள். சாம்பல் பாறைகளுக்கு நடுவே ஆறேழு வெள்ளைத் திட்டுகள். வெகுநேரம் பார்த்துவிட்டு அவனிடம் நீட்டினாள். அவன் வாங்கிப் பார்த்தான்.

"பனிதான்," என்றான்.

"பொறு."

காற்று நின்றிருந்தது. ஆற்றின் இரைச்சல் மட்டும். மேலே, திட்டுகளில் ஒன்று எழுந்து நின்றது.