ஐந்தாம் மாடியில் நிலத்தடி நீர்

கெய்ரோவின் இம்பாபாவில் மெட்ரோ நிலையத்துக்காகத் தோண்டிய குழியில் நீர்மட்டம் பதினெட்டு மீட்டர் இறங்கிய அன்று, அந்தத் தண்ணீர் பக்கத்துக் கட்டடத்தின் ஐந்தாம் மாடியில், தவ்லத்தின் வீட்டுக்குள் முழங்காலளவு நின்றது. கீழே நான்கு மாடிகளிலும் ஒரு சொட்டு ஈரமில்லை. மணப்பெண்களுக்கு உடை தைக்கும் தவ்லத், துணிகளைப் பரண்மேல் ஏற்றிவிட்டு, பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வேலையைத் தொடர்ந்தாள். குழியில் நாற்பது பம்புகள் ஓயாமல் உறிஞ்சிக்கொண்டிருந்தன. மண் வற்றினால் மேலே நிற்கும் வீடுகள் அமிழும். அதனால் உறிஞ்சியதில் ஒரு பங்கை வீடுகளின் பக்கம் கிணறு வெட்டித் திருப்பி ஊற்ற வேண்டும். வரைபடத்தில் அந்தக் கிணறுகள் நீல மையில் மிக அழகாக இருந்தன. தலைமைப் பொறியாளர் பஹ்கத் அவற்றை வெட்டவில்லை. அந்த இடத்தில் திறப்பு விழாவுக்காகப் புல்வெளி போட்டிருந்தார்.

தவ்லத்தின் ஐந்தாவது மனுவுக்குப் பிறகு மூவர் குழு ஒன்று வந்தது. ஷூவைக் கையில் பிடித்தபடி வீட்டைச் சுற்றிவிட்டு, தேநீர் குடித்துவிட்டு, 'குளியலறைக் குழாயில் கசிவு' என்று எழுதிப் போனது. அந்தக் கசிவில் இரண்டு புல்தி மீன்கள் நீந்தியதைக் குழுத் தலைவர் குனிந்து பார்த்தார். படிவத்தில் மீனுக்குக் கட்டம் இல்லை. அன்றிலிருந்து தவ்லத் தினமும் காலையில் குழியின் வாசலில் போய் நின்றாள். பதினோராம் நாள், திட்டுவதற்காகவே பஹ்கத் மாடியேறி வந்தார்.

"ஹஜ்ஜா, துடைச்சா போற விஷயத்துக்கு என்னை அஞ்சு மாடி ஏற வெச்சுட்டீங்களே!"

"துடைக்கிறேன் பாஷா. அதுக்கு முன்னாடி இந்த டேப்பைப் பிடிங்க."

வாசலருகே முப்பது சென்டிமீட்டர் ஆழம். குழியைப் பார்த்த ஜன்னலருகே நாற்பத்தெட்டு. தண்ணீர் மட்டமாகத்தான் நின்றது, கட்டடம்தான் சாய்ந்திருந்தது. மறந்துபோன படிப்பு பஹ்கத்தின் முகத்தில் மெல்லத் திரும்பி வந்தது.

"வெளியே சொல்லிடாதீங்க," என்றார்.

"இந்தக் கட்டடத்துல அறுபத்திரண்டு பேர் இருக்கோம். உங்க புல்லு எங்களைத் தாங்குமா?"

அவள் கதவைத் திறந்து வைத்தாள். தெருவே கலாபியா அங்கியைச் சுருட்டிக்கொண்டு வந்து அளந்து பார்த்தது. அளந்தவர்கள் அப்படியே புல்வெளியில் போய் உட்கார்ந்தார்கள். நான்காம் நாள் புல் பெயர்க்கப்பட்டது. கிணறுகள் வெட்டப்பட்டு, பம்புகள் உறிஞ்சியதில் ஒரு பங்கு மண்ணுக்குத் திரும்பியது. கட்டடம் சாய்ந்த அளவோடு நின்றுவிட்டது. நிலத்தடி நீரைக் கட்டுப்படுத்தியதற்காக பஹ்கத்துக்குப் பதக்கம் கொடுத்தார்கள்.

ரயில் ஓடத் தொடங்கி ஏழு வருடமாகிறது. தவ்லத் வீட்டுத் தண்ணீர் போகவில்லை. யாரும் போகச் சொல்லவுமில்லை. மின்கணக்கு எடுப்பவர் ஐந்தாம் மாடிக்கு வந்ததும் கால்சட்டையை முழங்காலுக்கு மேல் சுருட்டிக்கொள்கிறார், கணக்கெடுக்கிறார், படிக்கட்டில் நின்று இறக்கிவிட்டுக்கொண்டு ஆறாம் மாடிக்குப் போகிறார்.